பூ வந்ததும் வெட்ட வேண்டும்

மே 2

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அப்பா சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவது இல்லை. அப்பாவே எழுதுவது. நம்பாவிட்டால் எழுத்தைப் பார். இவ்வளவு கோணலாக வேறு யாராலும் எழுத முடியாது.

ஆரம்பித்து இன்று மூன்றாவது நாள். காலையில் நாலு வரி, சாப்பாட்டுக்குப் பிறகு நாலு வரி. அதற்கு மேல் விரல் வலிக்கிறது. புல் வெட்டும் மெஷினை முப்பத்தோரு வருஷம் பிடித்த கை, ஒரு பேனாவைப் பிடிக்கத் திணறுகிறது.

உனக்குச் சொல்லாமல்தான் வகுப்புக்குப் போனேன். நூலகத்தில், சாயங்காலம் ஐந்து மணிக்கு, எட்டு மாதம். காது போன பிறகு ஃபோனில் உன் குரல் எனக்குக் குழாயில் காற்று வருகிற மாதிரிதான் கேட்கிறது. அதனால் நீ கடிதம் போட ஆரம்பித்தாய். அதை வால்வுக்காரர் வாசித்துச் சொல்வார். எனக்குக் கேட்க வேண்டுமே என்று அவர் கத்துகிற கத்தலில் உன் கடிதம் இந்த நீரேற்று நிலையம் முழுக்கத் தெரிந்துவிடும். உனக்கு மூலம் வந்த விஷயம் பம்ப் ரூமில் எல்லாருக்கும் தெரியும். ஆளாளுக்கு மருந்து சொன்னார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன், படித்துவிடுவது என்று.

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். சோப்பு உறை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், குளோரின் மூட்டை. நான் இருபது வருஷமாகச் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிவந்த கம்பிக்கு மேலே ‘தொடாதே’ என்று எழுதியிருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட்ட திண்டில் ‘இங்கே அமரக் கூடாது’ என்று இருக்கிறது. இப்போது வேறு இடத்தில் உட்காருகிறேன்.

வால்வுக்காரர் என் காதில் வாய் வைத்து, “இத்தனை வருஷம் உக்காந்தியே, செத்தா போயிட்ட?” என்றார்.

“தெரியாம செஞ்சது வேற. தெரிஞ்சப்புறம் செய்யலாமா?” என்றேன்.

“போச்சு. படிச்சவன் பேச்சே வந்துடுச்சு” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நீ எழுதும்போது பெரிய எழுத்தாக எழுது. சின்னச் சின்ன வார்த்தையாக எழுது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இனி உன் கடிதத்தை நான் மட்டும்தான் வாசிப்பேன்.

குவார்ட்டர்ஸ் பின்னால் புல்வெளியில் பூ ஆரம்பித்துவிட்டது.

உன் அப்பா
(கையெழுத்தும் நானே போட்டது)


மே 7

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. மூன்று முறை வாசித்தேன். அழுதேன். இங்கே மியூசியத்தில் எல்லாரிடமும் காட்டினேன். “யார் எழுதினது?” என்றார்கள். “எங்கப்பா” என்றேன்.

நான் நலம். அந்த வியாதி போய்விட்டது. பம்ப் ரூமுக்கும் சொல்லிவிடுங்கள்.

ஒரு சேதி. மே 24 அன்று மூன்று பேர் வருவார்கள். நம் புல்வெளியைப் பார்க்க. பெரிய ஆட்கள். அன்று நான் அங்கே இருக்கக் கூடாது. நீங்கள் கூட இருங்கள். சுற்றிக் காட்டுங்கள். மற்றதை நேரில் சொல்கிறேன்.

மஞ்சள் பாவாடை பறக்கிறதா?

பாப்பா


மே 13

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை ஒரே மூச்சில் வாசித்தேன். நடுவில் ஒரு முறைதான் நிறுத்தினேன்.

மஞ்சள் பாவாடை நிறையப் பறந்தது. கட்டைவிரல் நகத்தளவு இருந்துகொண்டு அதற்கு என்ன அவசரம் என்றே தெரியவில்லை. நீ ஒன்பது வயதில் வைத்த பெயர். “மேலே அழுக்குச் சட்டை, உள்ளே மஞ்சப் பாவாடைப்பா” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடுவாய். இது வண்ணத்துப்பூச்சி இல்லை, விட்டில் ஜாதி என்று மியூசியத்தில் சேர்ந்த பிறகு சொன்னாய். எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. விட்டில் விளக்கைச் சுற்றும். இது வெயில் அடித்தால் வருகிறது, மேகம் மூடினால் காணாமல் போகிறது.

இப்போது பெரிய சேதி. ஆளுக்கு ஆள் சொல்லிவிட்டேன், உனக்குத்தான் கடைசி.

பெரிய ஆட்கள் வருகிறார்களே என்று மெஷினுக்கு எண்ணெய் போட ஷெட்டுக்குப் போனேன். சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். பத்தொன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது. எனக்கு அது சுவரில் ஒரு கறை மாதிரி. இந்த முறை பார்த்தால், எழுத்து உன் எழுத்து. சட்டைப்பையில் இருந்த உன் கடிதத்தை எடுத்து ஒட்டிவைத்துப் பார்த்தேன். அதே சுழி, அதே வால். என் மகள் எனக்கு எழுதி மாட்டியிருக்கிறாள், நான் பத்தொன்பது வருஷமாக வாசிக்காமல் அதன் அடியில் துணியை உலர்த்தியிருக்கிறேன்.

வாசித்து முடிக்க இரண்டு மணி நேரம். ‘புல்வெளிப் பராமரிப்பு முறை. பூ வந்ததும் புல்லை வெட்ட வேண்டும். தரையிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் விட வேண்டும். வேலி ஓரங்களை அரிவாளால் அறுக்க வேண்டும். வெட்டியதை அன்றே அப்புறப்படுத்த வேண்டும். இவ்வாறே செய்துவருகிறேன் என உறுதி கூறுகிறேன்.’ அதன் கீழே என் பெருவிரல் ரேகை.

ஒன்றைக்கூட நான் செய்ததில்லை, பாப்பா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீ கை வலிக்க எழுதியிருக்கிறாய். எழுத எவ்வளவு கை வலிக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

மூன்று நாளில் முடித்துவிட்டேன். மொத்தப் புல்வெளியையும். பச்சைத் தண்டு என்பதால் மெஷின் அடிக்கடி சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பிளேடைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஓரமெல்லாம் அரிவாள். இரண்டு அங்குலத்தை அளக்க ஒரு குச்சியில் கோடு போட்டுக்கொண்டேன். பால்காரர் வண்டி வைத்து அன்றன்றே அள்ளிக்கொண்டு போனார். இப்போது புல்வெளி மொட்டை அடித்த தலை மாதிரி சுத்தமாக இருக்கிறது. பூ போனதில் எனக்கும் கொஞ்சம் மனசு கஷ்டம்தான். ஆனால் முறை என்றால் முறை.

ஒரு அதிசயம் கேள். கடைசி நாள் வெட்டி முடித்து நின்றேன். மஞ்சள் பாவாடைகள் வந்து என் சட்டையில் உட்கார்ந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். மெஷின் கைப்பிடியில் இரண்டு. என் தொப்பியில் ஒன்று. முப்பத்தோரு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. நன்றி சொல்கிற மாதிரி இருந்தது.

உன் சொல்லைக் காப்பாற்றிய
அப்பா


மே 16, விரைவுத் தபால்

அப்பா,

பெரிய எழுத்தாக எழுத எனக்கு இப்போது முடியவில்லை. பொறுமையாக வாசியுங்கள். ஆனால் இந்த மூன்று வரியை உடனே வாசித்துவிடுங்கள். மெஷினை வெளியே எடுக்காதீர்கள். எங்காவது ஒரு சாண் மிச்சமிருந்தால் தொடாதீர்கள். பால்காரரிடம் ஓடி, தின்னாத புல் இருந்தால் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து பரப்புங்கள்.

உங்கள் சட்டையில் வந்து உட்கார்ந்தது நன்றி சொல்ல இல்லை, அப்பா. உட்கார வேறு இடம் இல்லை.

அந்தப் பூச்சி வருஷத்தில் மூன்று வாரம்தான் சிறகோடு இருக்கிறது. அந்தச் சின்ன வெள்ளைப் பூவில்தான் முட்டை வைக்கும். புழு அந்தக் காய்க்குள்ளேயே இருந்து விதையைத் தின்னும். காய் வெடித்து விதை கொட்டும்போது மண்ணுக்குள் இறங்கி, அடுத்த மே வரை தூங்கும். அதாவது இப்போது அதன் முட்டை, புழு எல்லாமே பூவில்தான் இருந்தன. நீங்கள் வெட்டியது புல்லை இல்லை. ஒரு வருஷத்துப் பிள்ளைகள் மொத்தத்தையும்.

இத்தனை வருஷம் அது எப்படிப் பிழைத்தது தெரியுமா? நீங்கள் எப்போதும் விதை கொட்டி, தண்டு காய்ந்த பிறகுதான் வெட்டுவீர்கள். காய்ந்தால் கனம் இருக்காது, தூக்க லேசு என்பீர்கள். உங்கள் சோம்பல்தான் அதைக் காப்பாற்றியது. ஒழுங்காகப் புல் வெட்டுகிற ஒரு இடத்திலும் அது இல்லை. நான் தேடாத இடம் இல்லை. நம் குவார்ட்டர்ஸ் பின்னால் மட்டும்தான் இருக்கிறது. இருந்தது.

அந்தப் புல்வெளி மேல் கான்கிரீட் தொட்டி கட்டப் போகிறார்கள். அதைத் தடுக்க இரண்டு வருஷமாக மனு போட்டு அலைகிறேன். பூச்சி இருப்பதைக் கண்ணால் பார்க்கத்தான் அந்த மூன்று பேர் வருகிறார்கள். மனு போட்டவள் என்பதால் என்னை அன்று வரக் கூடாது என்றார்கள். இதையெல்லாம் போன கடிதத்தில் எழுதியிருந்தால் ஐந்து பக்கம் ஆகியிருக்கும். உங்களுக்குச் சிரமம் என்று ஒரு பக்கத்தில் நிறுத்தினேன்.

அந்தத் தாள். புல் வெட்டும் முறையை எழுத்தில் கொடுக்காவிட்டால் மெமோ என்று உங்களை மிரட்டினார்களே, அன்றைக்கு எழுதியது. எனக்கு அப்போது இருபது வயது. கல்லூரி நூலகத்தில் ஒரு விளையாட்டு மைதானப் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்துக் காப்பி அடித்தேன். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் இல்லை. ஆபீஸ் வாய் மூடட்டும் என்று எழுதினேன். நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேன்.

ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா, அப்பா? இத்தனை வருஷம் படிக்காமல் இருந்தீர்களே, இன்னும் ஒரு மாதம் இருந்திருக்கக் கூடாதா?


மே 20

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை வாசிக்க இரண்டு நாள் ஆனது. முதல் நாள், ‘பிள்ளைகள் மொத்தத்தையும்’ என்ற இடத்தில் மடித்து வைத்துவிட்டேன். தப்பாக வாசிக்கிறேன் என்று நினைத்தேன். மறுநாள் வெளிச்சத்தில் கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அதேதான் இருந்தது.

பால்காரரிடம் போனேன். “பசு என்ன, மிச்சம் வச்சுட்டா போகும்?” என்று என் காதில் கத்திவிட்டுச் சிரித்தார். மாட்டுத் தொட்டியில் கையை விட்டுத் துழாவினேன். எச்சிலோடு ஒரு பிடி தண்டு கிடைத்தது. ஏழு காய் இருந்தது. ஒரு காயை நகத்தால் பிளந்தேன். உள்ளே பச்சையாக ஒரு புழு, நூல் மாதிரி. நசுங்கியிருந்தது. மற்ற ஆறையும் பிளக்கவில்லை. கொண்டுவந்து புல்வெளி நடுவில் வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. வெறுமனே வீசவும் மனசு வரவில்லை.

ஒரு சாண் மிச்சமில்லை. வேலி ஓரம்கூட. அரிவாளால் என்று எழுதியிருந்ததே.

வால்வுக்காரர் என் முகத்தைப் பார்த்து, “பாப்பாவுக்கு என்னாச்சு? சொல்லித் தொலையேன்” என்று உலுக்கினார். அவளுக்கு ஒன்றும் இல்லை என்றேன். கடிதத்தைக் கேட்டார். கொடுக்கவில்லை. என் சட்டையில் அவை உட்கார்ந்த கதையை நான்தான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். இப்போது அவர்கள் என்னைப் பார்த்து அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்க வேண்டியிருக்கிறது.

நூலகத்துக்கு இந்த வாரம் போகவில்லை. உன் கடைசி வரி சரிதான்.

24 அன்று அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் வாசிப்பேன்.

அப்பா


மே 23, விரைவுத் தபால்

அப்பா,

அந்தக் கடைசி வரியை நான் எழுதியிருக்கவே கூடாது. பேனாவால் அடித்துவிடுங்கள், தெரியாத அளவுக்கு அடித்துவிடுங்கள். வகுப்புக்குப் போங்கள்.

இது நாளைக்குள் உங்கள் கைக்கு வருமா தெரியவில்லை. வந்தால், ஒன்று மட்டும் செய்யுங்கள். ஷெட்டில் இருக்கும் தாளை எடுத்துக் கிழித்துவிடுங்கள். அது அவர்கள் கண்ணில் படக் கூடாது. பத்தொன்பது வருஷமும் பூவில்தான் வெட்டினோம், எழுத்திலேயே இருக்கிறது என்று நிலையத்து இன்ஜினீயர் காட்டுவார். தாமதமாக வெட்டுவதால்தான் பூச்சி வாழ்கிறது என்று நான் மனுவில் எழுதியிருக்கிறேன். இரண்டும் என் கையெழுத்து. இதில் எது பொய் என்று கேட்டால் நான் எங்கே போய் நிற்பேன்?

யார் வெட்டியது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குக் காது கேட்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அதிகம் கேட்க மாட்டார்கள்.

பாப்பா


மே 28

பாப்பாவுக்கு,

தாளைக் கிழிக்கச் சொன்ன கடிதம் 25 அன்று வந்தது. அதற்கு முதல் நாளே அவர்கள் வந்து போய்விட்டார்கள். முன்பே வந்திருந்தாலும் கிழித்திருப்பேனா என்று தெரியவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். கேமராக்காரர் ஒருவர். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஒரு அம்மா, என் வயதுக்குப் பக்கம் இருக்கும். கூடவே நம் இன்ஜினீயர். புல்வெளியைப் பார்த்ததும் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். பூட்ஸ் அம்மா மட்டும் நடுவில் போய் நின்று சுற்றிலும் பார்த்தார். வீடு மாறி வந்துவிட்டவர் மாதிரி பார்த்தார்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்து வாயை அசைத்தார்கள். காதைத் தொட்டுக் காட்டினேன். பூட்ஸ் அம்மா ஒரு நோட்டை எடுத்து எழுதி நீட்டினார். ‘யார் வெட்டியது?’

ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தால் அதற்குப் பதில் எழுத எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும். ‘நான்’ என்று எழுதினேன். ‘ஏன்?’ என்று எழுதினார். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை. ஷெட்டுக்குப் போய்த் தாளைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைப் பார்த்ததும் இன்ஜினீயருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் நோட்டை வாங்கி, தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. கடிகாரக்காரர் நடந்து நடந்து களைத்துப்போனார்.

இதுதான் எழுதினேன். ‘இந்தத் தாளில் உள்ளபடி நான் பத்தொன்பது வருஷம் செய்யவில்லை. எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது. தண்டு காய்ந்த பிறகு வெட்டினேன். பூச்சி இருந்தது. இந்த வருஷம் வாசித்தேன். உள்ளபடி செய்தேன். பூச்சி இல்லை. தாளை எழுதியது என் மகள். ஆபீஸ் கேட்டதற்காக எழுதியது. செய்வதற்காக எழுதியது இல்லை.’

பூட்ஸ் அம்மா வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு அந்த மொட்டைத் தரையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முடிவு இப்படி. பொய்த் தாள் எழுதியவள் என்பதால் உன் மனு செல்லாது. அடுத்த மே மாதம், மூன்றாம் தேதி தொடங்கி இருபத்தொரு நாள் நான் தினமும் எண்ணி ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒன்றாவது வந்தால், அதற்குச் சான்று இருந்தால், தொட்டிக்கு வேறு இடம் பார்ப்பார்கள். இல்லை என்றால் இருபத்திரண்டாம் நாள் மண் தோண்டும் மெஷின் வரும். ‘மண்ணுக்குள் சிலது இரண்டு வருஷம் தூங்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரியாது’ என்று பூட்ஸ் அம்மா எழுதினார்.

உன் பெயர் கெட்டது என்னால்தான். ஆனால் தெரியாது என்று என்னால் எழுத முடியவில்லை, பாப்பா. பொய் எழுதுகிற அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை.

அப்பா


மே 16 (அடுத்த வருஷம்)

அப்பா,

நீங்கள் தினமும் எண்ணிக்கை எழுதிப் போடும் தபால் அட்டை பதினொன்று வந்துவிட்டது. பதினோரு பூஜ்யம். தபால்காரர் என்னிடம், “உங்க வீட்ல யாராச்சும் பரீட்சை எழுதுறாங்களா?” என்று கேட்கிறார்.

போன வருஷம் உங்களோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். அது தப்பு. நீங்கள் எழுதியது சரி என்று எனக்குத் தெரியும். மியூசியத்தில் எனக்கு மெமோ வந்ததும் சரி. ஆனால் சரியாக நடந்துகொண்டு எதைக் காப்பாற்றினோம்?

இதோடு ஒரு தீப்பெட்டி வைத்திருக்கிறேன். மெதுவாகத் திறங்கள். நாலு வருஷம் முன் நம் புல்வெளியில் நானே பிடித்தது. இங்கே என் மேஜை இழுப்பறையில் இருந்தது. நோட்டில் ஒரு நாள் ‘ஒன்று’ என்று எழுதுங்கள். சான்று கேட்டால் இதைக் கொடுங்கள். அங்கே பிடித்ததுதானே. அந்த அளவுக்கு உண்மைதானே. நாள் மட்டும்தான் வேறு.

எட்டு நாள்தான் இருக்கிறது.

பாப்பா


மே 19, விரைவுத் தபால்

பாப்பாவுக்கு,

தீப்பெட்டி நேற்று வந்தது. உன் கடிதத்தை வாசிக்கும் முன்னால் அதைத் திறந்துவிட்டேன். பழுப்புச் சட்டை, ஓரத்தில் மஞ்சள். எங்கோ பிடித்து அனுப்பிவிட்டாள் என்று நினைத்தேன். பறந்துவிடப் போகிறதே என்று கையால் மூடினேன். உள்ளங்கையில் ஊசி குத்தியது.

பிறகுதான் கடிதத்தை வாசித்தேன். நீ இருபது வயதில் செய்தது விவரம் போதாமல் செய்தது என்று நினைத்தேன். இப்போது உனக்கு நாற்பது.

வால்வுக்காரரிடம் மட்டும் காட்டினேன். “வச்சுடுய்யா. செத்த பூச்சிக்கு நாள் நட்சத்திரமா எழுதியிருக்கு?” என்றார். உன்னிடம் மறைக்க மாட்டேன். பதினாறாம் நாள் கட்டத்தில் பேனாவை வைத்தேன். மை ஒரு பொட்டு விழுந்தது. அந்தப் பொட்டை வைத்து பூஜ்யமும் போடலாம், ஒன்றும் போடலாம். ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். பூஜ்யம் போட்டேன்.

இனி நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

இன்று பதினேழாம் நாள். பதினோரு மணிக்கு வெயில் நன்றாக அடித்தது. அந்த வெள்ளைப் பூ அங்கங்கே திரும்ப வந்திருக்கிறது. அதில் ஒன்றின் மேல் ஏதோ காய்ந்த இலைத்துண்டு என்று நினைத்தேன். அது திரும்பியது. கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்தேன். பிடித்துவிட்டேன்.

டம்ளருக்குள் அது சுற்றியது. நான் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்ன சான்று என் கைக்கு அடியில் இருந்தது. பூட்ஸ் அம்மாவிடம் கொடுக்க நாலு நாள் இருக்கிறது. நாலு நாள் டம்ளரில் வைத்தால் செத்துவிடும். ஊசியில் குத்தினாலும் செத்துவிடும். இருப்பதே ஒன்று. அதைக் கொன்று, இது இங்கே உயிரோடு இருக்கிறது என்று எப்படிக் காட்டுவது?

டம்ளரை எடுத்துவிட்டேன்.

நோட்டில் எழுதியிருப்பது இதுதான். ‘17ஆம் நாள். ஒன்று. சான்று: பிடித்தேன், விட்டுவிட்டேன்.’ தீப்பெட்டி வந்த மறுநாள் பூச்சியும் வந்தது என்றால் ஊர் சிரிக்கும். தெரியும். ஆனால் வந்தது.

அப்பா


மே 21

அப்பா,

உண்மையாகவா?


மே 24

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தில் இருப்பது ஒரே வார்த்தை. அதைத்தான் ரொம்ப நேரம் வாசித்தேன். வேறு யார் கேட்டிருந்தாலும் எனக்கு வலித்திருக்காது. ஆனால் கேட்பதற்கு உனக்குக் காரணம் இருக்கிறது. நீ அனுப்பியதால்தான் கேட்கிறாய்.

நேற்று இருபத்தொன்றாம் நாள். மண் தோண்டும் மெஷினைக் காலையிலேயே கேட் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் முன்னாலேயே. மஞ்சள் நிறம், ஒரு வீடு உயரம். டிரைவர் அதன் நிழலில் படுத்திருந்தார்.

பூட்ஸ் அம்மா பத்து மணிக்கு வந்தார். நோட்டைப் புரட்டினார். பதினேழாம் நாளில் நின்றார். மேலே பார்த்தார். எழுதினார், ‘சான்று இல்லையா?’ நான் எழுதினேன், ‘இல்லை.’ தீப்பெட்டி என் சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் பேனாவை மூடி, நோட்டையும் மூடினார். பிறகு திறந்து எழுதினார், ‘எந்தப் பூ?’

காட்டினேன். போய் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மேகம். பன்னிரண்டு மணி வரை மேகம்தான். இன்ஜினீயர் இரண்டு முறை வந்து கடிகாரத்தைக் காட்டினார். அந்த அம்மா நிமிரவே இல்லை. என் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தேன். சாப்பிட்டார். ‘உப்பு அதிகம்’ என்று எழுதிக் காட்டினார்.

ஒரு மணிக்கு மேகம் விலகியது. முதலில் ஈ வந்தது. பிறகு ஒரு தேனீ. பிறகு அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். எனக்கு இன்னும் அங்கே சிவந்திருக்கிறது. ஒரு முழம் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. நான் பார்த்ததேதானா, இன்னொன்றா, யாருக்குத் தெரியும். வாலை வளைத்துப் பூவுக்குள் விட்டு எடுத்தது. அடுத்த பூவுக்குப் போனது. அங்கேயும். ஐந்து பூ. அந்த அம்மா மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. முட்டை வைக்கிறது என்று எனக்கு எழுதிக் காட்டக்கூட அவருக்குக் கை வரவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

சாயங்காலம் நோட்டில் இருபத்தொன்றாம் நாள் கட்டத்தில் நான் ‘ஒன்று’ என்று எழுதினேன். சான்று என்ற இடத்தில் அவரே எழுதினார். ‘நான் பார்த்தேன்.’ கீழே கையெழுத்து. இன்ஜினீயர் அதை வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மெஷின் இன்று காலை போய்விட்டது. போகும்போது கேட் கம்பத்தை வளைத்துவிட்டுப் போயிருக்கிறது.

பூச்சி பிழைக்குமா என்று பூட்ஸ் அம்மாவிடம் கேட்டேன். ‘தெரியாது. ஐந்து பூ போதுமா என்று யாருக்கும் தெரியாது. இடம் இருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும்’ என்று எழுதினார். அந்த ஐந்து பூவையும் சுற்றிக் குச்சி நட்டிருக்கிறேன். தண்டு காய்ந்து முறியும் வரை மெஷினைத் தொடப்போவதில்லை.

தீப்பெட்டியை இதோடு திருப்பி அனுப்புகிறேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வால்வுக்காரர் வாய்க்கு மட்டும் நான் பொறுப்பேற்க முடியாது.

லீவு போட்டுவிட்டு வா. நீ அந்த இழுப்பறையைத் திறந்து திறந்து பார்த்துப் பழகிவிட்டாய். அதில் இருப்பது வெளுத்துப்போயிருக்கிறது, பாப்பா. நேற்று ஒரு முழம் தூரத்தில் பார்த்தேன். மஞ்சள் அது இல்லை.

அப்பா